கடைக்கோடியில் பன்னிரண்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில்
எங்கள் சோதனை மேசை மேல்
அது சொன்ன பேச்சு கேட்கும் மாட்யூல்.
நாற்பத்தெட்டை வாங்கிக்கொண்டு
பன்னிரண்டாய்த் தரும்.
சுமை ஏற்று, பன்னிரண்டு.
சுமை இறக்கு, அப்போதும் பன்னிரண்டு.
மீட்டர் இமை கொட்டாது.
சீல் குத்தி அனுப்பினோம்.

ராயபுரத்து ரத்த வங்கியில்
அதே பெட்டி ராத்திரியெல்லாம் கத்துகிறதாம்.
குளிர்பெட்டி கம்ப்ரஸர் எழும்போதெல்லாம்
'வோல்ட் குறைவு' என்று.
முபீனா ஏழு மெயில் போட்டிருந்தாள்.
ஏழுக்கும் எங்கள் பதில் ஒன்றே:
பரிசோதித்தோம், பழுதில்லை.

பொங்கலுக்கு முன் போன யூஜின்
சின்ன ஸ்க்ரூடிரைவரால் ட்ரிம்மை ஒன்றரைச் சுற்று திருகி
பன்னிரண்டே முக்காலுக்கும் மேலே ஏற்றிவிட்டு
டீ குடித்துத் திரும்பினான்.
அன்றிலிருந்து கம்ப்ரஸர் எழுந்தால் அமைதி;
அது தூங்கினால்
'வோல்ட் அதிகம்' என்று அலறல்.
காது கேளாதவரிடம் கத்திப் பேசி
பக்கத்து வீட்டை எழுப்பிய கதை.

எட்டாவது மெயிலுக்கு நான் போனேன்,
பீச் லோக்கலில், மடியில் மீட்டரோடு.
வண்ணாரப்பேட்டை தாண்டியதும்
ஜன்னலில் மீன் வாடை ஏறி உட்கார்ந்தது.

முபீனா ஒன்றும் கேட்கவில்லை.
நீள நோட்டு ஒன்றைத் திருப்பி வைத்தாள்.
தேதி, மணி, எந்த அலாரம், எத்தனை நொடி.
நூற்றுப் பதினெட்டு வரிகள்.
நீல மை தீர்ந்த இடத்தில் பச்சை.
கடைசிப் பத்தியில் ஒரு தடவை மட்டும்:
'யாராவது படிக்கிறீர்களா?'

மாட்யூல் மாடிப்படிக்கு அடியில்.
குளிர்பெட்டி மூன்றாம் அறையில்.
நடுவே முப்பது அடி ஒயர்,
யாரோ மிச்சம் பிடித்த மெலிசு.
பன்னிரண்டு ஆம்ப் அதில் ஓடும்போது
வழியிலேயே அரை வோல்ட்டுக்கு மேல் சூடாகிப் போகிறது.
எங்கள் மேசையில் ஒயர்
ஒரு சாண்.

மாட்யூலின் பின்னால் சின்னதாய் இரண்டு கால்கள் உண்டு,
போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று
கேட்டுக்கொள்வதற்காகவே.
அவற்றை அதன் சொந்த வாசலிலேயே
குட்டையாய் முடிச்சுப் போட்டிருந்தோம்.
என் கையெழுத்துள்ள வரைபடத்தில்தான்.
தன் படியில் நின்று தன்னையே அளந்து
சரி சரி என்று தலையாட்டிக்கொண்டிருந்தது பாவம்,
எங்கள் ஏழு மெயில்களைப் போல.

முடிச்சை அவிழ்த்தேன்.
யூஜின் திருகியதைத் திருப்பித் திருகினேன்.
மெல்லிய ஒயர் இரண்டை முறுக்கி, ஒன்றையொன்று பிரியாமல்,
சுவரோரமாய் மூன்றாம் அறை வரை இழுத்துப் போனேன்.
ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள் முபீனா.
பிளஸ் பிளஸ்ஸில், மைனஸ் மைனஸில்.
மாறிப்போனால்
கேட்பதெல்லாம் தலைகீழாய்க் கேட்டு
எகிறிவிடும், இரண்டு முறை பார்த்தேன்.

"இனிமே கத்தாதா?" என்றாள்.
ஒரு வோல்ட் வரை எட்டிக் கொடுக்கும், என்றேன்.
அதற்கு மேல் தொலைந்தால் அதாலும் ஆகாது.
தடித்த ஒயர் போடச் சொல்லி எழுதுகிறேன்.
"எழுதுங்க," என்றாள்,
அந்தச் சொல்லை நன்றாய் அறிந்தவள்.

மூன்று நாற்பது.
கம்ப்ரஸர் ஒரு உதறல் உதறி எழுந்தது.
குளிர்பெட்டி வாசலில் என் மீட்டர்
பதினொன்று தொண்ணூறு,
மூச்சு விடுவதற்குள்
பன்னிரண்டு.
படிக்கட்டின் அடியில் அந்நேரம்
பன்னிரண்டு அறுபது இருந்திருக்கும்;
அங்கே யார் பார்த்தார்கள்.

உள்ளே தட்டுத் தட்டாய்ப் பைகள்,
யார் யாரோ கொடுத்தவை,
இன்னும் யாருக்கென்று தெரியாதவை.

பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி
எழுத ஒன்றுமில்லாமல் கொஞ்சம் நின்றாள் முபீனா.
அப்புறம் எழுதினாள்,
நூற்றுப் பத்தொன்பதாவது வரி:

3.40. சத்தம் இல்லை.